நாலாவது திருகாணி

ஜனவரி 8, புதன்
பிறசர் 146/92.

இது டொக்டர் எழுதச் சொன்ன கொப்பி. தினமும் காலையில் பிறசர் பார்த்துக் குறிக்கவேண்டுமாம். கூடினால் என்ன நடந்தது என்றும் இரண்டு வரி எழுதவேண்டுமாம். என்ன நடந்தது என்றால், வீடு குளிர்ந்து கிடக்கிறது.

இந்த மார்க்கம் நகரில் மற்ற வீடுகளுக்கெல்லாம் சூடு காற்றாக வரும். எங்கள் வீட்டில் நிலத்திலிருந்து வருகிறது. கீழே பேஸ்மென்டில் இருக்கும் பொயிலர் தண்ணீரைச் சூடாக்க, பம்ப் அதைத் தள்ள, நிலத்துக்குள் புதைத்த குழாய்களில் அது வீடு முழுக்கச் சுற்றி வரும். எங்களுக்கு முன் இருந்த ஜெர்மன்காரக் கிழவர் தன் கையாலேயே போட்டது. வீடு பார்க்க வந்த அன்று மனைவி சுகிர்தா சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஹோலில் வெறுங்காலோடு நின்றாள். இந்த வீடுதான் என்று நான் அப்போதே முடிவெடுத்தேன்.

இன்று அந்த ஹோலில் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறோம். வெளியே மைனஸ் பத்தொன்பது. மகள் ஆரபிக்கு மாதக் கடைசியில் பிள்ளை பிறக்கப்போகிறது. துடக்குக் கழியும்வரை முப்பத்தொரு நாளும் தாய்வீட்டில்தான் இருப்பாள் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. நேற்று அவளுடைய மாமியார் பிரம்டனிலிருந்து போன் எடுத்து, குளிர் வீட்டுக்குப் பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோக ஏலாது, இங்கேயே வரட்டும் என்று தேன் ஒழுகச் சொன்னார். என் பேரப்பிள்ளை முதல் இறங்குவது என் வீட்டில்தான். அதில் மாற்றமில்லை.

பொயிலர் முள் பதினெட்டில் நிற்கவேண்டும். ஆறில் நிற்கிறது. ஒக்டோபரிலிருந்து இப்படித்தான். நான் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டு ஏற்றுவேன், நாலு நாளில் இறங்கிவிடும். இதைச் சுகிர்தாவிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

மூன்று கொம்பனிகளுக்குப் போன் அடித்தேன். பத்து நாள் பொறுக்கச் சொன்னார்கள். நாலாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது சுகிர்தா குசினியிலிருந்து வந்து, தான் ஏற்கெனவே ஆளுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை.

ஜனவரி 9, வியாழன்
பிறசர் 151/95.

ஆள் குகநேசன். சுகிர்தாவின் மாமி மகன், அவளைவிட ஆறு மாதம் இளையவன். சிறு வயதில் இரண்டு பேருக்கும் கலியாணம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்களாம். பிறகு சாதகம் பொருந்தவில்லை. அவன் ஜெர்மனிக்குப் போய் இந்த நிலச்சூட்டு வேலை பழகினான், அங்கேயே கலியாணமும் கட்டினான், பிறகு கனடாவுக்கு வந்தான். மூன்று வருடத்துக்கு முன் மனைவி புற்றுநோயில் போய்விட்டாள். பாவம்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் முறைப்படி அவன் ஆரபிக்குச் சித்தப்பா. மகள் அவனைச் சித்தப்பா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு எங்கோ சுள்ளென்று இருக்கும். இந்த முறைகளை வகுத்தவர்கள் என்னைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜனவரி 11, சனி
பிறசர் 155/96.

வந்தான். ஐம்பத்தைந்து வயதில் வயிறு கிடையாது. தலைமயிரும் கொட்டவில்லை. இரண்டு பெட்டி ஆயுதங்களோடு பேஸ்மென்டில் இறங்கி, பொயிலருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, காதை வைத்துக் கேட்டான். குழாய்க்குள் காற்று நிற்கிறதாம். சுவரில் ஒரு பித்தளைச் சட்டம் இருக்கிறது, அதிலிருந்துதான் ஒவ்வொரு அறைக்கும் குழாய் பிரிகிறது. அதில் இருந்த சின்னச் சின்ன மூடிகளை அவன் திருக, உஸ் உஸ் என்று காற்று வந்தது. ஒரு மணித்தியாலத்தில் நிலம் இளஞ்சூடானது.

இருபத்திரண்டு வருடம் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பிழை பார்ப்பதே என் வேலையாக இருந்தது. எனக்குத் தெரியாத மூடிகளா அவை? நான் திருகவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு நின்றான். சுகிர்தா அவனுக்குப் போட்டுக்கொண்டே ஏசினாள். மெலிந்துபோனாய், ஒழுங்காகச் சமைப்பதில்லை, போன் எடுத்தால் எடுப்பதில்லை, உன்னை மாதிரி ஒரு சோம்பேறியைக் கண்டதில்லை என்று மூச்சு விடாமல் ஏசினாள். அவன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். ஏச ஏச அவள் கை அகப்பையோடு அவன் சாப்பாட்டுக் கோப்பைக்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு அறக்குளா மீன் துண்டு. எனக்கு ஒன்று.

“இஞ்சருங்கோ, உங்களுக்கு ஏதும் வேணுமே?” என்று என்னிடம் கேட்டாள். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

ஜனவரி 14, செவ்வாய்
பிறசர் 149/94. பொயிலர் 9.

பொங்கல். காலையில் நிலம் மறுபடி குளிர். அவன் பொங்கலுக்கென்று புதுச் சேட்டுப் போட்டு வந்து, அதோடேயே பம்பைக் கழற்றினான். உள்ளே சுழல்வது இறுகிப்போயிருந்ததாம். புது பம்ப் போட்டான். எனக்கு உண்மையில் சந்தோஷம். பம்ப்தான் பிழை என்றால் எல்லாம் பம்போடு முடிந்தது.

சுகிர்தா இன்று நீலச் சேலை உடுத்தியிருந்தாள். பொங்கலுக்கு உடுத்தது என்று எனக்கும் தெரியும்.

ஜனவரி 16, வியாழன்
பிறசர் 152/95. பொயிலர் 7. குகநேசன் வந்தான். கத்தரிக்காய்க் குழம்பு.

ஜனவரி 18, சனி
பிறசர் 160/98.

இன்று ஒவ்வொரு அறைக் குழாயையும் தனித்தனியாகப் பூட்டி, ஒவ்வொன்றிலும் அமுக்கம் பார்க்கும் மணிக்கூட்டை மாட்டிவிட்டு, தேத்தண்ணியோடு காத்திருந்தான். படுக்கையறை அசையவில்லை. குசினி அசையவில்லை. ஹோல் மட்டும் மெதுவாக இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஹோல் நிலத்துக்குள் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்றான். இந்தக் குழாய் தானாக ஒழுகாது, ஐம்பது வருடம் கிடக்கும் என்றும் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“அண்ணை, ஹோல் நிலத்தில ஆராவது ஏதாவது துளைச்சவையோ?”

“இல்லையே. இஞ்ச ஆர் துளைக்கிறது?” என்றேன்.

சுகிர்தாவும் இல்லை என்றாள். அவள் சொன்னது உண்மை. அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 19, ஞாயிறு
பிறசர் பார்க்கவில்லை.

கொப்பியிடமாவது சொல்லவேண்டும்.

போன வருடம் இதே மாதம் ஆரபியின் கலியாணம். கலியாணத்துக்கு முன் பெண்வீட்டில் நல்ல நேரம் பார்த்துக் கன்னிக்கால் நடவேண்டும். ஊரில் என்றால் முற்றத்தில் குழி வெட்டி நடுவோம். இங்கே தை மாதத்தில் முற்றம் கல்லாக உறைந்திருக்கும், கடப்பாரையும் இறங்காது. இந்த ஊர்த் தமிழர் எல்லோரும் ஒரு வாளியில் மண்ணை நிரப்பி, அதில் தடியை நட்டு வீட்டுக்குள்ளேயே வைப்பார்கள். நானும் ஈசான மூலையில் வாளி வைத்தேன். தடி ஆடியது. கன்னிக்கால் சாய்ந்தால் எங்கள் சனம் என்ன கதைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சுகிர்தா சொன்னாள், “குகனைக் கூப்பிடுவம். அவன் வந்து ஏதாவது செய்வான். நிலத்துக்குள்ள பைப் போகுதெல்லோ.”

என் மகளின் கன்னிக்காலை அவன் வந்து நிமிர்த்த வேண்டுமா? சுகிர்தா சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கப் போன நேரத்தில், வாளியின் அடியில் நாலு ஓட்டை போட்டு, நாலு நீளமான திருகாணியால் வாளியை நிலத்தோடு இறுக்கினேன். மேலே மண், நெல், மஞ்சள். யாருக்கும் தெரியாது. வந்தவர்கள் எல்லோரும் கும்பிட்டார்கள். குகநேசன் தடியைப் பிடித்து அசைத்துப் பார்த்து, “மலை மாதிரி நிக்குது அண்ணை” என்றான். அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து வாளியை எடுத்தபோது மூன்று திருகாணிகள் வந்தன. நாலாவது வரவில்லை. இரும்பு அறுக்கும் வாளால் தலையை நிலமட்டத்துக்கு அறுத்துவிட்டு, மேலே பெரிய குத்துவிளக்கைக் கொண்டுபோய் வைத்தேன். ஈசான மூலையில் விளக்கு வைக்கத் தோன்றியதே என்று சுகிர்தா மெச்சினாள்.

அந்தத் திருகாணி குழாயைக் குத்தி, குத்திய ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இப்போது துருப்பிடித்து வழிவிடுகிறது. இது என் ஊகம். பிழை பார்ப்பவனின் ஊகம்.

ஜனவரி 20, திங்கள்
பிறசர் 163/99.

சுகிர்தா கடைக்குப் போனபோது விளக்கை நகர்த்திப் பார்த்தேன். திருகாணியைச் சுற்றிக் கபில நிறத்தில் ஈரம். துடைத்துவிட்டு விளக்கைத் திரும்ப வைத்தேன்.

ஆரபிக்குப் போன் எடுத்தேன். இந்தக் கிழமை சரியாகாவிட்டால் பிரம்டனுக்கே போவதாகச் சொன்னாள். மாமியார் தொட்டிலும் வாங்கிவிட்டாராம். எங்கள் தொட்டில் மேலறையில் குளிரில் கிடக்கிறது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும்.

ஜனவரி 22, புதன்
பிறசர் 158/97.

இன்று அவன் வெப்பம் பார்க்கும் கமரா கொண்டுவந்தான். பொயிலரை நன்றாகச் சூடேற்றிவிட்டு ஹோலை அதில் காட்டினான். சின்னத் திரையில் குழாய்கள் மஞ்சள் கோடுகளாக, வளைந்து வளைந்து ஒழுங்காக ஓடின. சுகிர்தா சின்னப்பிள்ளை மாதிரி அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மூலைக்கு வந்ததும் கோடு கலைந்து, வட்டமாக ஒரு மஞ்சள் திட்டு. நடுவில் குத்துவிளக்கு.

“விளக்குக்குக் கீழதான் சுகி,” என்றான். அவன் அவளைச் சுகி என்றுதான் கூப்பிடுவான். இருபத்தொன்பது வருடத்தில் நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

நாளை உடைக்கிறான்.

ஜனவரி 23, வியாழன்
பிறசர் பார்த்தேன். எழுதவில்லை.

அவன் விளக்கைத் தூக்கி வைத்தான். அறுத்த திருகாணி ஒரு ரூபாய்க் குற்றியளவு துருவுக்கு நடுவில் தெரிந்தது. நல்லவேளை, சுகிர்தா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பார்த்தான். தள்ளிப் பார்த்தால் முக்கோணமாக மூன்று ஓட்டை, நான் வெள்ளைச் சீமெந்து அடைத்தவை. அதையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கண்ணுக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உடைக்கத் தொடங்கினான்.

குழாயில் திருகாணி ஏறி நின்றது. அவன் அதைக் கழற்றி, துடைத்து, சேட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

சுகிர்தா வந்து என்ன பிழை என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

“என்ர பிழைதான் சுகி. முதல் நாள் காத்து எடுக்கேக்க அமுக்கம் கூட்டிப்போட்டன். பழைய பைப், தாங்கேல்ல.”

அவள் தொடங்கினாள். “எருமை மாடே! முப்பது வருசமா இதே வேலை செய்யிறாய், ஒரு பைப்பை உடைக்காமல் வேலை செய்யத் தெரியேல்லையோ உனக்கு? பிள்ளை வாற நேரத்தில வீட்டைக் கிண்டி வைச்சிருக்கிறாய்!” முகம் சிவந்து, கை வீசி, ஒக்டோபரிலிருந்தே ஒழுகியதே என்ற கணக்கும் தெரியாமல், அரை மணித்தியாலம் ஏசினாள். ஏசிக்கொண்டே சாப்பாடு போட்டாள். ஏசிக்கொண்டே இரண்டாவது துண்டு பொரியலை அவன் கோப்பையில் வைத்தாள். அவன் தலையைக் குனிந்து சிரித்தான்.

நான் எதிரில் இருந்து பார்த்தேன். என் பிழையை அவன் எடுத்துக்கொண்டான், அது பெரிய மனசு, சரி. அந்த ஏச்சு என்னுடையது. அந்தத் துண்டும் என்னுடையது. இரண்டையும் என் கண்முன்னாலேயே அவன் தின்றுகொண்டிருந்தான்.

ஜனவரி 24, வெள்ளி
பிறசர் 157/96. பொயிலர் 18.

குழாயின் கெட்ட துண்டை வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து இணைத்தான். நாலு மணித்தியாலம் முள் அசையவில்லை. பிறகுதான் சீமெந்து போட்டு மூடினான். அது காயும்வரை ஹோலுக்கு மட்டும் சூடு விடவேண்டாம், செவ்வாய்க்கிழமை திறந்தால் போதும் என்றான்.

காருக்குப் போகும்போது பின்னால் போனேன். அவன் பையிலிருந்து திருகாணியை எடுத்து என் கையில் வைத்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“என்னை ஏசினால் பத்து நிமிசத்தில மறந்திடுவா அண்ணை. உங்களை அவ ஏசமாட்டா. உள்ளுக்க வைச்சுக்கொண்டு திரிவா. அதுக்கு நான் வாங்கிறது சுகமெல்லோ.”

உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவன் சொன்னது சரி என்பதுதான் என்னைக் கொன்றது.

ஜனவரி 25, சனி
பிறசர் 150/94.

கலியாணம் கட்டி ஐந்தாவது மாதம். ஸ்காபரோவில் பேஸ்மென்டில் இருந்தோம். என் சிநேகிதர்கள் வந்திருந்த அன்று, நான் எதையோ மறந்துபோய் வாங்காமல் வந்ததற்கு அவர்கள் முன்னால் அவள் என்னை ஏசினாள். சிரித்துக்கொண்டுதான் ஏசினாள். நான் நாலு நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. நாலாம் நாள் அவள் அழுதாள். அதற்குப் பிறகு அவள் என்னை ஏசியதே இல்லை. மரியாதையான பெண் கிடைத்தாள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மத்தியானம் குசினி மேசையில் திருகாணியை அவள் முன்னால் வைத்தேன். வாளி, நாலு ஓட்டை, இரும்பு வாள், விளக்கு, ஒக்டோபரிலிருந்து விட்ட தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் குகநேசனைக் கூப்பிட விடவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் நேரம் எடுத்தது.

அவள் திருகாணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏசும்,” என்றேன். “நான் கோவிக்க மாட்டன்.”

அவள் திருகாணியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். உடுப்புத் தோய்க்கும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

ஜனவரி 27, திங்கள்
பிறசர் 154/95.

சுகிர்தா கதைக்கவில்லை. சாப்பாடு மேசையில் மூடி இருந்தது. காலை பதினொரு மணிக்கு ஆரபிக்கு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். காரில் நாற்பது நிமிடம். வைப்பர் சத்தம் மட்டும். பின்னேரம் நாலரைக்குப் பெண்பிள்ளை. ஆறு இறாத்தல் பன்னிரண்டு அவுன்ஸ். என் அம்மாவின் நெற்றி. சுகிர்தா பிள்ளையை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையில் தந்தாள். ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

ஹோலுக்குத் திறந்துவிட்டேன். நிலம் மூலைவரை சூடு. முள் பதினெட்டில் நிற்கிறது. ஆரபி நாளைக்கு இங்கேதான் வருகிறாள், பிரம்டனுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் சந்தோஷப்பட ஆளில்லை. நாலு நாள் எவ்வளவு நீளம் என்று இரண்டாம் நாளிலேயே தெரிகிறது.

குகநேசனுக்கும் நானே போன் எடுத்தேன். நாளைக்குச் சாப்பிட வா என்றேன்.

ஜனவரி 29, புதன்

பிள்ளை வந்தாள். முதலில் இறங்கியது என் வீட்டில்.

ஆரபி காலுறையைக் கழற்றிவிட்டு, தாய் அன்று நின்ற மாதிரியே ஹோலில் நின்றாள். “நிலம் நல்ல சூடப்பா,” என்றாள். சித்தப்பாவுக்கு நன்றி சொல்லத் திரும்பினாள். எனக்குச் சுள்ளென்றது. போய்விட்டது என்று எழுதினால் இந்தக் கொப்பியே சிரிக்கும்.

மேசையில் ஆரபிக்குப் பத்தியமாகப் பால்சுறா வறையும் சரக்குக் கறியும். எங்களுக்கு அறக்குளா. எல்லோரும் இருந்தோம். புதுச் சீமெந்தைக் காட்டி, மூலையில் என்ன நடந்தது என்று ஆரபி கேட்டாள்.

குகநேசன் தொண்டையைச் செருமினான். சுகிர்தா அகப்பையைத் தூக்கி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

“என்ன நடந்ததோ? கேள் உன்ர கொப்பரை. வாளியைத் தளத்தோட சேர்த்து ஆணி அடிச்ச மனுசன் உலகத்தில ஒருத்தர்தான் இருப்பார், அவரை எனக்குக் கட்டி வைச்சிருக்கு. பைப் போகுதெண்டு சொன்னனான். கேட்டால்தானே. போதாக்குறைக்கு அதுக்கு மேல விளக்கை வைச்சு, நான் ஒரு வருசமா ஆணிக்குத் திரி போட்டுக் கும்பிட்டிருக்கிறன்!”

ஆரபி சிரிக்கத் தொடங்கினாள். சுகிர்தா நிறுத்தவில்லை. ஒக்டோபரில் களவாகத் தண்ணீர் விட்டதற்கு வந்தாள். அங்கிருந்து, வழி கேட்க வெட்கப்பட்டு மொன்றியலுக்குப் போகாமல் ஒட்டாவாவுக்குக் கொண்டுபோன வருடத்துக்குப் போனாள். அங்கிருந்து ஸ்காபரோ பேஸ்மென்ட். நாலு நாள். அதைச் சொல்லும்போது குரல் ஒருமுறை உடைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னும் உரத்துத் தொடங்கினாள். அன்று எனக்கு நாலு நாள் பிடித்தது. அவளுக்கு மூன்றாம் நாளே போதும் என்றாகிவிட்டது.

நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. ஏசிக்கொண்டே, பார்க்காமலே, அவள் ஒரு அறக்குளாத் துண்டை என் கோப்பையில் வைத்தாள். அது இரண்டாவது.

குகநேசனுக்கு இன்று ஒன்றுதான். எண்ணிப் பார்த்தேன்.